நாலு எம்பி படம் எப்படி 48 எம்பி ஆகிறது?

2015 ஜனவரியில் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் படம் ஒன்றை நாசா வெளியிட்டது. ஹப்பிள் தொலைநோக்கி எடுத்தது. அகலம் 69,536 பிக்சல், உயரம் 22,230 பிக்சல். பெருக்கிப் பார்த்தால் 154 கோடியைத் தாண்டுகிறது. இந்தப் படத்தை கையிலிருக்கும் சாதாரண போனிலேயே, இணையத்தில், விரலால் விரித்து விரித்து தனித்தனி நட்சத்திரம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம்.

நான் முதன்முதலில் எழுதிய ஆண்ட்ராய்டு செயலியோ, ஒரு கல்யாண ஆல்பத்தின் 21 படங்களைக் காட்டச் சொன்னதும் மூன்றாவது படத்திலேயே விழுந்துவிட்டது. ஒவ்வொரு படமும் நாலு எம்பிதான். எல்லாம் சேர்ந்தாலும் 84 எம்பி. போனில் 2 ஜிபி ரேம் இருந்தது. கணக்கு எங்கே இடிக்கிறது என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இடித்த இடம் முதல் வரியிலேயே இருந்தது. ‘நாலு எம்பி’ என்று நான் பார்த்தது ஃபைலின் அளவு, படத்தின் அளவு அல்ல.

கேமராப் படங்கள் வழக்கமாக வரும் ஜேபெக் ஃபைலை மடித்துவைத்த புடவை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஒரு சாண் இடம் போதும். ஆனால் காட்ட வேண்டுமென்றால் விரித்தாக வேண்டும், விரித்தால் கூடம் முழுக்க வரும். போனின் திரைக்கு இந்த மடிப்புக் கணக்கெல்லாம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் என்ன நிறம் என்று தனித்தனியாகச் சொன்னால்தான் அது வரையும். சிவப்புக்கு ஒரு பைட், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பின்னாலிருப்பது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு ஒன்று. ஆக, பிக்சலுக்கு 4 பைட்.

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000 × 3000. அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல். நாலால் பெருக்கினால் 4 கோடியே 80 லட்சம் பைட். சுமார் 48 எம்பி!

ஃபைலின் அளவு இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? வெறும் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் ஃபைல் மிகச் சின்னதாக இருக்கும், திருவிழாக் கூட்டத்தை எடுத்தால் பெரிதாக இருக்கும். விரித்த பிறகு இரண்டும் ஒரே 48 எம்பிதான். நான் ஏமாந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சோதித்துப் பார்க்க வாட்ஸ்அப்பில் வந்த படங்களை வைத்திருந்தேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் பிக்சல்களையே குறைத்துத்தான் அனுப்புகிறது. அந்தப் படங்களோடு செயலி அருமையாக ஓடியது. போட்டோகிராபர் பென்டிரைவில் கொடுத்த படங்களைப் போட்டதும் படுத்துவிட்டது.

சரி, 2 ஜிபி இருந்ததே, 48 எம்பி எந்த மூலைக்கு என்று கேட்கலாம். அந்த 2 ஜிபி முழுக்க நம்முடையது அல்ல. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கிறது. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் அது வெறும் 16 எம்பி. இன்றைக்குப் பல போன்களில் 256 எம்பி இருக்கும், விலை குறைந்தவற்றில் அதைவிடக் குறைவு. என்னிடம் அன்று இருந்தது ஆண்ட்ராய்டு 6 போட்ட போன், வரம்பு 128 எம்பி. இரண்டு படம் விரித்தால் 96. மூன்றாவதற்கு இடமில்லை. ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று ஒரு வரி, அவ்வளவுதான், செயலி காலி.

2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் படத்தின் பிக்சல்களை இந்த வரம்புக்கு வெளியே, வேறொரு பகுதியில் வைக்கிறார்கள். அதனால் இப்போது அந்த வரி அடிக்கடி கண்ணில் படுவதில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. போனின் மொத்த மெமரியே குறையும்போது ஆண்ட்ராய்டு பின்னணியில் இருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மூடும். பாட்டு நிற்கும், பாதி எழுதிய மெயில் போகும். கடைசியில் நம் முறையும் வரும். பயனருக்கு ஏன் என்றே தெரியாது, ‘இந்த ஆப் போட்டதிலிருந்து போன் ஸ்லோவாகிவிட்டது’ என்று மட்டும் சொல்வார்.

விரிக்கும் முன் அளவு கேள்

இனி திரையைப் பாருங்கள். இன்றைய போன் ஒன்றின் திரை 1080 × 2400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே 26 லட்சம் பிக்சல். கிடைமட்டமான கல்யாணப் படத்தை அகலத்துக்குப் பொருந்த வைத்தால் 1080 × 810, சுமார் 8 லட்சத்து 75 ஆயிரம் பிக்சல். கண்ணுக்குப் போய்ச் சேர்வது இவ்வளவுதான். மீதி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்களை மெமரியில் விரித்துவைத்து, பிறகு திரைக்காகச் சுருக்கி, ஒன்றுக்கும் உதவாமல் சுமந்துகொண்டிருக்கிறோம்.

துணிக்கடையில் விற்பனையாளர் செய்வதைப் பாருங்கள். ‘அந்த மாம்பழ மஞ்சளைக் காட்டுங்க’ என்றால் ஆறு கஜத்தையும் அவர் உதறுவதில்லை. முந்தானையையும் கொஞ்சம் உடலையும் விரிப்பார். பிடித்திருந்தால்தான் மேற்கொண்டு.

ஆண்ட்ராய்டில் இதை இரண்டு நடையில் செய்கிறோம். முதல் நடையில் ஃபைலைத் திறந்து, ‘உன் அகலம் என்ன, உயரம் என்ன?’ என்று மட்டும் கேட்கிறோம். ஜேபெக் ஃபைலில் இந்த விவரம் பிக்சல் தகவல்களுக்கு முன்னாலேயே எழுதியிருக்கும், அதனால் படத்தை விரிக்காமலே பதில் வந்துவிடும். ஆண்ட்ராய்டில் படத்தை விரித்துத் தரும் பகுதியான பிட்மேப் ஃபேக்டரியில் ‘இன் ஜஸ்ட் டீகோட் பவுண்ட்ஸ்’ என்றொரு விருப்பம் இருக்கிறது. அதை ‘ட்ரூ’ என்று வைத்துப் படத்தைக் கேட்டால், படம் வராது, அளவு மட்டும் வரும். மெமரிச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

இரண்டாவது நடையில், எத்தனை மடங்கு சுருக்கி விரிக்க வேண்டும் என்று ‘இன் சாம்பிள் சைஸ்’ என்பதில் ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். 2 என்றால் அகலமும் பாதி, உயரமும் பாதி, ஆக மெமரி கால் பங்கு. 4 என்றால் பதினாறில் ஒரு பங்கு. இங்கேதான் புதிதாக வருபவர்கள் சறுக்குவார்கள். 3 என்று கொடுத்தால் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அது 2, 4, 8, 16 என்ற வரிசைக்குக் கீழ்நோக்கி இறங்கிவிடும். 3 கொடுத்தால் 2-தான், 7 கொடுத்தால் 4-தான்.

நம் படத்துக்கு எதைக் கொடுப்பது? 2 கொடுத்தால் 2000 × 1500 வரும், 12 எம்பி. 4 கொடுத்தால் 1000 × 750, வெறும் 3 எம்பி. திரைக்குத் தேவை 1080, கிடைப்பது 1000. வழக்கமாகச் சொல்லித்தரும் முறை, கேட்டதைவிடச் சிறியதாகப் போகக் கூடாது, அதனால் 2 எடு என்கிறது. நான் இந்த இடத்தில் 4 எடுப்பேன். 80 பிக்சல் குறைவதை ஆல்பத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, மெமரியில் 9 எம்பி மிச்சம். படத்தில் பத்திரத்தின் எழுத்து, மருந்துச் சீட்டு இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் 2.

ஆல்பத்தின் முதல் பக்கம் போல, வரிசைக்கு மூன்று சதுரங்களாகப் படங்களைக் காட்டும் திரையில்தான் இதன் முழுப் பலனும் தெரியும். ஒரு சதுரம் 360 பிக்சல். 8 கொடுத்தால் படம் 500 × 375-ஆக வரும், சதுரம் நிரம்பப் போதும். ஒன்றுக்கு 0.75 எம்பி. திரையில் ஒரே நேரத்தில் 21 சதுரம் தெரிந்தாலும் 16 எம்பிக்குள் முடிந்தது. அதே 21 படத்தையும் முழுசாக விரித்திருந்தால் 1008 எம்பி. நான் அன்று செய்தது அதைத்தான்.

சுருக்கி விரிப்பதில் நேரமும் மிச்சமாகிறது. ஜேபெக் ஒரு படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் கட்டத்தின் சராசரி நிறம், அப்புறம் மேலும் மேலும் நுணுக்கமான வேறுபாடுகள் என்று அடுக்கியிருக்கும். எட்டில் ஒன்றாகச் சுருக்கினால் போதும் என்றால், அந்தச் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கணக்கிடாமல் விட்டுவிடலாம். முழுப் படத்தையும் விரித்துவிட்டுச் சுருக்கும் வேலையே நடப்பதில்லை. ஜேபெக்கை வடிவமைத்தவர்கள் போனை மனதில் வைத்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் போனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

சின்னச் சின்னக் குழிகள்

செயலியோடு சேர்த்துக் கொடுக்கும் படங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பின்னணிக்காக 1000 × 1000 படம் ஒன்றை ‘ட்ராயபிள்’ ஃபோல்டரில் போட்டால், ஆண்ட்ராய்டு அதை அடர்த்தி குறைந்த பழைய திரைக்கானது என்று எடுத்துக்கொள்ளும். இன்றைய அடர்த்தியான திரையில் அதே அளவில் தெரிய வேண்டுமே என்று மூன்று மடங்கு பெரிதாக்கும். 3000 × 3000. நாலு எம்பி எடுக்க வேண்டிய படம் 36 எம்பி எடுக்கும். ‘நோ டிபிஐ’ ஃபோல்டரில் போட்டால் இந்த உபசாரம் நடக்காது.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் படுத்துக்கொண்டு வருவது இன்னொன்று. கேமரா பெரும்பாலும் பிக்சல்களைத் திருப்புவதில்லை, ‘இதைத் திருப்பிக் காட்டவும்’ என்று ஃபைலில் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவைக்கிறது. பிட்மேப் ஃபேக்டரி அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது. நாம்தான் படித்துத் திருப்ப வேண்டும். திருப்பும்போது பழைய படம் ஒன்று, திருப்பிய படம் ஒன்று என்று சில நொடி இரண்டும் மெமரியில் நிற்கும். சுருக்கிய பிறகு திருப்பினால் இது பொருட்டே இல்லை, திருப்பிவிட்டுச் சுருக்கினால் 96 எம்பி.

பிக்சலுக்கு 4 பைட்டுக்குப் பதில் 2 பைட் போதும் என்று சொல்லிப் பாதியை மிச்சம் பிடிக்கும் வழியும் உண்டு. நிறங்களின் எண்ணிக்கை 65,536-ஆகக் குறைந்துவிடும். அந்தி வானத்தை இப்படித் திறந்து பாருங்கள், பட்டை பட்டையாகக் கோடு விழும். எனக்குப் பிடிப்பதில்லை. ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைக் காகிதத்துக்குப் பரவாயில்லை.

அப்புறம் ‘லார்ஜ் ஹீப்’. செயலியின் அறிமுக ஃபைலில் (மேனிஃபெஸ்ட்) ஒரு வரி எழுதினால் வரம்பைக் கூட்டித் தருவார்கள். அவசரத்தில் எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான், நானும் தொட்டேன். மூன்றாவது படத்தில் விழுந்த செயலி ஐந்தாவது படத்தில் விழுந்தது.

50 மெகாபிக்சல் போன்கள் வந்த பிறகு புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 8160 × 6120 படத்தை அப்படியே விரித்தால் சுமார் 200 எம்பி. மெமரி தாராளமாக இருந்தாலும் இவ்வளவு பெரிய ஒற்றைப் படத்தைத் திரையில் வரைய ஆண்ட்ராய்டே மறுத்துச் செயலியை நிறுத்திவிடும்.

மடித்து வை, தூக்கிப் போடாதே

கடையில் காட்டிய புடவையை உடனே குடோனுக்கு அனுப்புவதில்லை. ‘முதல்ல காட்டினீங்களே, அதையே கொடுங்க’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். ஆல்பத்திலும் அப்படித்தான். கீழே தள்ளிய விரல் அடுத்த நொடி மேலே வரும். ஒவ்வொரு முறையும் ஃபைலிலிருந்து விரித்தால் திரை திக்கும். அதனால் விரித்த படங்களில் கொஞ்சத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நெடுநேரமாக யாரும் கேட்காததை முதலில் விடு. ஆண்ட்ராய்டில் ‘எல்ஆர்யு கேஷ்’ என்று இதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. வரம்பில் எட்டில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கி ஆரம்பிப்பது வழக்கம்.

இவ்வளவையும் நீங்களே எழுத வேண்டியதில்லை. க்ளைடு, காயில், பிக்காசோ போன்ற நூலகங்கள், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள், இதற்காகவே இருக்கின்றன. பின்னணியில் விரிப்பது, வேகமாகத் தள்ளும்போது திரையை விட்டுப் போன படத்தின் வேலையை ரத்து செய்வது, பழைய படம் தப்பான சதுரத்தில் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவற்றின் பொறுப்பு. ஆனால் ஒன்று. க்ளைடு சதுரத்தின் அளவைப் பார்த்துத் தானே சுருக்கிக்கொள்ளும். பிக்காசோ, ‘ஃபிட்’ என்றோ ‘ரீசைஸ்’ என்றோ நீங்கள் சொன்னால்தான் சுருக்கும், சொல்லாவிட்டால் முழுப் புடவையும் விரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு நூலகத்தைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

ஐபோனிலும் கணக்கு இதேதான். அங்கே பிழைச்செய்தி எதுவும் வராது, செயலி சட்டென்று மறைந்து முகப்புத் திரை தெரியும். ‘இமேஜ் ஐஓ’ என்ற பகுதியிடம் ‘அதிகபட்சம் இத்தனை பிக்சல்’ என்று சொல்லிச் சிறுபடம் வாங்குவது அங்கே உள்ள வழி. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் ஃப்ளட்டரில் எழுதுபவர்கள் ‘கேஷ் விட்த்’ என்பதைத் தேடுங்கள்.

ஆண்ட்ரோமெடாவுக்கு வருவோம்

154 கோடி பிக்சலை நாலால் பெருக்கினால் 618 கோடி பைட், ஆறு ஜிபிக்கும் மேல். சுருக்கலாமே? 64 மடங்கு சுருக்கினால் 1086 × 347 வருகிறது, திரைக்குக் கச்சிதம். ஆனால் சுருக்கியதில் நட்சத்திரங்கள் மங்கலான ஒரு பாலாடையாகிவிடும். விரலால் பெரிதாக்கிப் பார்க்கத்தானே வந்தோம்? பெரிய வரைபடம், பழைய ஓலைச்சுவடியின் ஸ்கேன், வீட்டுப் பிளான் எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான். நுணுக்கம் வேண்டும், ஆனால் மொத்தமும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

அதனால் படத்தைத் துண்டு போடுகிறார்கள். 256 × 256 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் ஆண்ட்ரோமெடா 272 பத்தி, 87 வரிசை, ஆக 23,664 துண்டு. திரையில் எந்த இடத்தை வைத்தாலும் அதிகபட்சம் குறுக்கே 6, நெடுக்கே 11 துண்டுதான் தொடும். 66 துண்டு. ஒன்று 256 கேபி. எல்லாம் சேர்ந்து சுமார் 17 எம்பி! படம் 154 கோடி பிக்சலாக இருந்தாலும் சரி, 1,500 கோடியாக இருந்தாலும் சரி, இந்த 17 மாறாது. விரலை நகர்த்தினால் ஒரு பக்கம் புதுத் துண்டு வரும், மறுபக்கம் பழையது போகும்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது என்ன செய்வது? அதற்காகப் படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கிச் சுருக்கி, ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகத் துண்டு போட்டு முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். அடியில் அகலமாகவும் உச்சியில் ஒரே துண்டாகவும் ஒரு பிரமிடு. இத்தனை பிரதி வைத்தால் இடம் எக்கச்சக்கமாகுமே என்று தோன்றும். ஒன்றோடு கால், அதில் கால், அதில் கால் என்று கூட்டிக்கொண்டே போனாலும் ஒன்றே மூன்றில் ஒன்றைத் தாண்டாது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம், அவ்வளவே. கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் ஊரைப் பெரிதாக்கும்போது முதலில் மங்கலாகத் தெரிந்து அப்புறம் கட்டம் கட்டமாகத் தெளிவாவதைப் பார்த்திருப்பீர்கள். பிரமிடில் ஒரு படி கீழே இறங்கும் காட்சி அது.

துண்டு போட்டுத் தர சர்வர் இல்லை, போனிலேயே ஒரு பெரிய ஜேபெக் இருக்கிறது என்றால், ‘பிட்மேப் ரீஜன் டீகோடர்’ இருக்கிறது. 2011-லிருந்தே ஆண்ட்ராய்டில் உண்டு. ‘இந்தச் செவ்வகத்தை மட்டும் கொடு’ என்றால் அதை மட்டும் விரித்துத் தரும். விரலால் பெரிதாக்கும் வேலை, துண்டுகளை மாற்றும் வேலை எல்லாம் சேர்த்து வேண்டுமென்றால் ‘சப்சாம்ப்ளிங் ஸ்கேல் இமேஜ் வியூ’ என்ற நூலகம் இதன்மேல்தான் கட்டியது. பெயர்தான் நீளம், வேலை சுத்தம். ஒரு குறை: ஜேபெக் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக எழுதப்பட்டது, நடுவில் சட்டென்று குதிக்க முடியாது. மிகப் பெரிய படத்தின் அடிப்பகுதியைக் கேட்டால் மேலே உள்ளதைக் கடந்துதான் போக வேண்டும், தாமதம் தெரியும். முன்கூட்டியே வெட்டிய துண்டுகள் இந்த இடத்தில் ஜெயிக்கின்றன.

ஆண்ட்ரோமெடாவுக்கோ ஜேபெக்கில் வேறு வழியே இல்லை. ஜேபெக் ஃபைலில் அகலத்தை எழுத 16 பிட்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிகபட்சம் 65,535. அந்தப் படத்தின் அகலம் 69,536. ஒற்றை ஜேபெக்காக அதை முழு அளவில் சேமிக்கவே முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் செயலியைச் சோதிக்க வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய போன் ஒன்றை எடுங்கள். நேரடியாகக் கேமராவில் எடுத்த படங்கள் ஒரு நூறு போடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் மெமரி வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஆல்பத்தை மேலும் கீழும் பத்து முறை தள்ளுங்கள். கோடு ஏறி, ஓர் உயரத்தில் நின்று, அங்கேயே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் சரி. படி படியாக ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ ஒரு புடவை விரித்தபடி கிடக்கிறது.